சிவில் படிச்சவனும் கரியாலூர் ரோடும்

"சாஃப்ட்வேர்ல இருக்கேன்"னு சொன்னவுடனே சொந்தக்காரங்க கேட்கிற அடுத்த கேள்வி, "கம்ப்யூட்டர் சயின்ஸா படிச்ச?" இல்லைங்க, சிவில். நாலு வருஷம் தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றவன். கடைசி வருஷம் கேம்பஸுக்கு வந்த கம்பெனி "எந்த பிராஞ்சா இருந்தாலும் பரவாயில்லை" என்றது. நானும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு ஏழு வருஷமாக சென்னையில் பொட்டி தட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வகுப்பில் இன்னும் சிவில் வேலையிலேயே இருப்பவர்களை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். டிரைவர் பக்கத்தில் இடம் மிச்சம் இருக்கும் :-)

இந்தப் புராணம் இப்போ எதுக்குன்னா, சித்தி பையன். அவனும் சிவில்தான். கள்ளக்குறிச்சியில் வீடு, வயசு 25. மூணு வருஷமாக டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறான். லட்சியம் ஒன்றே ஒன்று: நெடுஞ்சாலைத் துறை ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர். "நீ சொன்னா கேப்பான் தம்பி, ஏதாவது கோர்ஸ் சேத்துவிட்டு மெட்ராஸ் கூட்டிட்டுப் போயிடேன்" என்று சித்தி போனில் அழுகாத குறை. பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனபோது பையனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கரியாலூருக்கு விட்டேன். வீட்டில் உட்கார்ந்து பேசினால் பஞ்சாயத்து ஆகிவிடும். மலை மேலே டீ குடித்துக்கொண்டே பேசினால் ஆகாது, இதுதான் என் கணக்கு.

போவதற்கு முன்னால், இந்த வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் நெடுஞ்சாலைக்குத் தனித் துறை 1946ல் வந்தது. அதற்கு முன்னால் எல்லாம் பொதுப்பணித்துறைதான். பிரிந்த குடும்பம் என்பதால் பதவிப் பெயரையும் மாற்றி வைத்துக்கொண்டார்கள். பொதுப்பணியில் 'உதவி செயற்பொறியாளர்' என்றால் இங்கே 'உதவிக் கோட்டப் பொறியாளர்'. அங்கே 'செயற்பொறியாளர்', இங்கே 'கோட்டப் பொறியாளர்'. அதற்கு மேலே கண்காணிப்புப் பொறியாளர், தலைமைப் பொறியாளர், உச்சியில் முதன்மை இயக்குநர். பி.இ. சிவில் முடித்தவன் நுழைகிற வாசல் ஏ.இ. டிப்ளமோக்காரர்களுக்கு இளநிலை வரைதொழில் அலுவலர் என்று ஒரு வாசல் இருக்கிறது. நம்ம பசங்க பல பேருக்கு இது தெரியவே தெரியாது.

சம்பளம்? ஏ.இ. அடிப்படைச் சம்பளம் 37,700. அகவிலைப்படியே அடிப்படையில் பாதியைத் தாண்டிவிட்டது. வீட்டு வாடகைப்படி எல்லாம் சேர்த்தால் முதல் மாசமே 60 ஆயிரத்துக்குக் கிட்ட கையெழுத்துப் போடலாம். நான் சேர்ந்தபோது வாங்கியதைச் சொன்னால் வெட்கக்கேடு. பிரெஷருக்கு இன்னும் கிட்டத்தட்ட அதே தொகையைத்தான் கொடுக்கிறார்கள். ஆக "ஐ.டி.யில்தான் காசு" என்று சித்தி நம்புவது ஆரம்பச் சம்பளத்தில் உண்மை இல்லை. பத்து வருஷம் கழித்து ஒப்பிட்டால் கதை வேற. ஆனா பத்து வருஷம் கழித்து ஐ.டி.யில் நாம இருப்போமா என்பதும் வேற கதைதானே.

பென்ஷனில் ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லணும். 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களைப் பழைய ஓய்வூதியத்தில் சேர்க்கவில்லை, பங்களிப்புத் திட்டத்தில்தான் சேர்த்தார்கள். அதை மாற்றச் சொல்லித்தான் அத்தனை வருஷம் போராட்டம் நடந்தது. "கவர்மெண்ட் வேலைன்னா கடைசி வரைக்கும் கஞ்சி" என்று தாத்தா சொன்னது தாத்தா காலத்துக் கஞ்சி.

தேர்வுக்கு வருவோம். பி.இ. தரத்தில் சிவில் பாடத்தாள் ஒன்று. பொது அறிவு. கூடவே பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித் தாள். 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு இந்தத் தமிழ்த் தாளில் 40 சதவீதம் எடுக்காதவனின் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். சிவில் தாளில் நெடுஞ்சாலைப் பகுதிக்கு எல்லாரும் தூக்கிக்கொண்டு அலைவது கன்னா-ஜஸ்டோ புத்தகத்தைத்தான். ஜெயகர் கமிட்டி 1927, இந்திய சாலைகள் காங்கிரஸ் 1934, நாக்பூர் திட்டம் 1943 என்று தம்பி தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பான். ஜெயகர் கமிட்டி வருஷம் தெரிஞ்சவன்தான் நல்ல ரோடு போடுவான் என்று யார் கண்டுபிடித்தார்களோ! நாங்களும் இன்டர்வியூவில் லிங்க்ட் லிஸ்ட்டைத் தலைகீழாகத் திருப்புகிறோம், வேலையில் ஒரு நாளும் திருப்பியதில்லை. அதனால் கிண்டல் பண்ண எனக்கு யோக்கியதை இல்லை.

எனக்கு உண்மையாகவே பயம் தந்தது சம்பளமும் இல்லை, பரீட்சையும் இல்லை. வயசு வரம்புதான். இந்தப் பதவிக்கு பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு மேல் வயது வரம்பே கிடையாது. முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவனுக்கு இது பெரிய வரம், சந்தேகமே இல்லை. ஆனா அதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு. யூ.பி.எஸ்.சி. பொறியியல் பணித் தேர்வு எழுதுகிறவனை 30 வயதில் "போதும்ப்பா, வீட்டுக்குப் போ" என்று யாரோ ஒருத்தர் சொல்லிவிடுகிறார்கள். இங்கே சொல்ல ஆள் இல்லை. அறிவிப்பு வரும், தள்ளிப் போகும், கொரோனா மாதிரி ஏதாவது வந்து இரண்டு வருஷத்தை விழுங்கும், ரிசல்ட்டுக்கு ஒரு வருஷம் காத்திருக்கணும். 22ல் உட்கார்ந்தவன் நிமிர்ந்து பார்த்தால் 31. கள்ளக்குறிச்சி நூலகத்தில் அப்படி உட்கார்ந்திருக்கும் அண்ணன்கள் பெயரைத் தம்பியே வரிசையாகச் சொல்கிறான்.

நிற்க. மலைக்குப் போவோம்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டே போனால் ரோடு ஏற ஆரம்பிக்கும். கிழக்குத் தொடர்ச்சி மலைதான். ஏற்காட்டு அளவுக்கு உயரமும் இல்லை, ஏற்காட்டு அளவுக்குக் கூட்டமும் இல்லை. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே தம்பி பைக்கை நிறுத்தச் சொன்னான். இறங்கி, வளைவின் உள்பக்கத்தைக் காலடியால் அளந்தான்.

"என்னடா பண்ற?"

"உள்வட்ட ஆரம் குறைஞ்சது 14 மீட்டர் இருக்கணும்ணா."

அதற்கப்புறம் பையன் அரை மணி நேரம் விடவே இல்லை. சமதளத்தில் ரோடு சாதாரணமாக முப்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏறலாம். மலையில் நூற்றுக்கு ஆறு வரைக்கும் போகலாம். ஆனால் கொண்டை ஊசிக்குள்ளே மட்டும் நாற்பதுக்கு ஒன்றுக்கு மேல் சரிவு கூடாது. வண்டி அங்கேதான் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும், அதே நேரத்தில் ஏற்றமும் இருந்தால் லோடு லாரி நின்றுவிடும். வளைவில் வெளிப்பக்கத்தைத் தூக்கிக் கட்டுவது சமதளத்தில் 7 சதவீதம் வரை, பனி பெய்யாத மலையில் 10 வரை. இதெல்லாம் நானும் பாஸ் பண்ணிய பாடம்தான். எனக்கு அது பத்து மார்க் கேள்வி. அவனுக்கு அது கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஒரு வளைவு. அந்த இடத்திலேயே சித்தி கொடுத்த அசைன்மென்ட் பாதி படுத்துவிட்டது.

கொஞ்சம் மேலே போனதும் மலைப்பக்கம் சாய்வில் ஒரு ஓடை. மழைக்கு அடித்து வந்த மண் வடிகாலை மூடியிருந்தது. தண்ணீர் ரோட்டுக்கு மேலேயே ஓடி, மறுபக்கம் புருவத்தை அரித்துவிட்டிருந்தது. ரோட்டைக் கெடுப்பது மூன்று, முதலாவது தண்ணி, இரண்டாவது தண்ணி, மூன்றாவதும் தண்ணி என்று ஹைவேஸ் ஆட்களிடம் ஒரு பழைய ஜோக் உண்டு. மலையில் ரோடு போடுவது என்றால் பாதி வேலை தண்ணீருக்கு வழி விடுவதுதான். வடிகால், சிறுபாலம், தடுப்புச் சுவர். தார் போடுவதைத்தான் எல்லாரும் போட்டோ எடுப்பார்கள். வடிகால் மண்ணை மழைக்கு முன்னால் யார் வாரினார்கள் என்பதில்தான் ரோட்டின் ஆயுசு இருக்கிறது.

வாருகிறவர்கள் யார்? சாலைப் பணியாளர்கள். 1997ல் சுமார் பத்தாயிரம் பேரை வேலைக்கு எடுத்தார்கள். 2002ல் ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2006ல்தான் திரும்பச் சேர்த்தார்கள். நடுவில் போன 41 மாசத்தைப் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லி அவர்கள் பிறகும் வருஷக்கணக்கில் தெருவில் நின்றார்கள். "கவர்மெண்ட் வேலையில லே-ஆஃப் கிடையாது" என்று நாம் ஐ.டி. ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து பெருமூச்சு விடும்போது இதையும் ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கரியாலூர் வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். கோடை விழாவுக்கும் பெரியார் அருவிக்கும் வருகிற கூட்டம் அன்றைக்கு இல்லை. ஊர் அமைதியாக இருந்தது. கல்வராயன் மலை 1976 வரைக்கும் ஜாகிர்தார்கள் கையில் இருந்த பகுதி. சுதந்திரம் வந்து முப்பது வருஷம் ஆகப்போகிற சமயத்தில்தான் அரசாங்கம் இங்கே முழுசாக ஏறியது. ரோடும் அந்தக் கணக்கில்தான் லேட். இன்றைக்கும் உள்கிராமங்களில் நல்ல ரோடு என்பது ஒரு கோரிக்கைதான். 2024 ஜூனில் கீழே கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தபோதுதான் நாடே இந்தப் பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றித் தானாகவே வழக்கு எடுத்து விசாரித்தது. அங்கேயும் முக்கியமான கேள்விகளில் ஒன்று ரோடு.

"ரோடு சரியில்லைன்னா ஹைவேஸ்காரனைத்தான் திட்டுவாங்க" என்று தம்பி இப்போதே துறைக்காக வருத்தப்பட ஆரம்பித்தான். அதில் நியாயம் இருக்கிறது. ஒரே மாவட்டத்தில் ரோட்டுக்கு எத்தனை முதலாளிகள் பாருங்க. சேலம் - உளுந்தூர்பேட்டை நாலு வழிச்சாலை (முன்னே என்.எச். 68, இப்போ 79) தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, மாவட்ட இதர சாலை மூன்றும் நெடுஞ்சாலைத் துறை. கிராமத்துக்குள் போகிற பல ரோடுகள் ஊராட்சி ஒன்றியம். பிரதமர் கிராம சாலைத் திட்டத்தில், 2000 டிசம்பரில் ஆரம்பித்தது, சமதளத்தில் 500 பேர் இருந்தால்தான் கிராமத்துக்கு ரோடு என்று வைத்தவர்கள் மலை, பழங்குடிப் பகுதிக்கு 250 என்று இறக்கினார்கள். மலையில் சிதறிக் கிடக்கும் குக்கிராமத்துக்கு 250 பேரும் சில சமயம் எட்டாத எண்ணிக்கை.

இதற்கெல்லாம் மேலே காடு. காப்புக்காட்டுக்குள் ரோடு போகணும் என்றால் 1980 வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசு அனுமதி வேண்டும். ஃபைல் போகும், வரும், போகும். 2006 வன உரிமைச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது: ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல் இருந்தால், கிராம சபை பரிந்துரை செய்து ரோடு மாதிரி வசதிகளுக்கு நிலத்தை ஒதுக்கலாம். அந்தப் பிரிவைத் தெரிந்து வைத்து, கிராம சபையில் உட்கார்ந்து, வனத்துறை ஆளோடு சேர்ந்து நடந்து அளந்து எஸ்டிமேட் போடுகிற ஒரு ஏ.இ. இருந்தால் அந்த ஊருக்குக் கொஞ்ச வருஷத்தில் ஆம்புலன்ஸ் போகும். இல்லாத ஊரில் டோலிதான்.

நாங்கள் பேசுவதைப் பக்கத்து பெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் மெதுவாக, "அண்ணா, நானும் சிவில் டிப்ளமோ" என்றான். மலை மேலே உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவன், கீழே பாலிடெக்னிக் போய்க் கடைசி வருஷம். கோயம்புத்தூரில் சைட் சூப்பர்வைசர் வேலைக்கு யாரோ வரச் சொல்லியிருக்கிறார்களாம், மாசம் பதினைஞ்சாயிரம். இளநிலை வரைதொழில் அலுவலர் என்று ஒரு பதவி இருப்பதே தெரியாது என்றான். தம்பி அவனுக்கு சிலபஸ் எல்லாம் சொல்லி முடித்ததும் அவன் கேட்டது ஒரே கேள்வி: "எங்களுக்கு எத்தனை இடம்ணா இருக்கும்?"

இங்கே கணக்கு கொஞ்சம் கசக்கும். தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு 1 சதவீதம். 200 பேர் கொண்ட சுழற்சியில் 2 இடம். ஒரு அறிவிப்பில் 50 இடம் வந்தால், சுழற்சி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒன்று வரலாம், வராமலும் போகலாம். இன்னொரு பக்கம், தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2010ல் வந்த சட்டம். 2020ல் அதைத் திருத்தி, பட்டம் மட்டும் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ்வழி இருக்கணும் என்று ஆக்கினார்கள். இந்தப் பையன் பள்ளி முழுக்கத் தமிழ்வழி. பாலிடெக்னிக் இங்கிலீஷ். அந்த ஒரு படியில் முன்னுரிமை போச்சு. அண்ணா பல்கலைக்கழகம் 2010லேயே சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் ஆரம்பித்தது என்ற விஷயத்தை இந்த மலைப் பள்ளிகளில் பத்தாவது முடிக்கும்போதே யாராவது சொல்லியிருக்கலாம். ஆனா பொதுப் போட்டி இடமும் இருக்கு, அதுக்கும் நீ எழுதலாம் என்று தம்பி சொன்னான். பையன் தலையாட்டினான். நம்பினானா தெரியவில்லை.

இந்த மலையில் பிறந்தவன், எந்த ஓடை எந்த மாசம் ரோட்டுக்கு மேலே ஏறும் என்று தெரிந்தவன், கோயம்புத்தூரில் அபார்ட்மெண்ட் சென்ட்ரிங் கணக்கு எழுதப் போகிறான். இந்த மலை ரோட்டுக்கு எஸ்டிமேட் போட வேறு எங்கிருந்தோ ஆள் வருவார். எனக்கு அன்றைக்கு டீ இறங்கவில்லை.

வேறு வாசல்களும் இருக்கின்றன, தம்பிக்கும் அந்தப் பையனுக்கும் சேர்த்தே சொன்னேன். யூ.பி.எஸ்.சி. பொறியியல் பணித் தேர்வு வழியாக மத்திய சாலைப் பணி, எல்லைச் சாலைப் பொறியியல் பணி. எல்லைச் சாலைகள் அமைப்பு 1960ல் ஆரம்பித்தது, 2020ல் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை அவர்கள் கட்டியதுதான். டிப்ளமோக்காரர்களுக்கு எஸ்.எஸ்.சி. ஜே.இ. தேர்வு. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் சில வருஷங்கள் கேட் மதிப்பெண் வைத்தே நேராக டெபுடி மேனேஜர் எடுத்தது. கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து ஒரே ஒரு கதவை மட்டும் தட்டுகிறவன் இதையெல்லாம் ஜன்னல் என்று கூட நினைப்பதில்லை.

திரும்பும் வழியில் ஏ.இ.யாக இருக்கும் என் காலேஜ் நண்பனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். வேறு மாவட்டம், பெயர் வேண்டாம். "மாப்ள, உன் தம்பிகிட்ட ஒண்ணு மட்டும் சொல்றேன். எம்-புக்" என்றான். போட்ட வேலையை நீளம், அகலம், தடிமன் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதி முதல் கையெழுத்துப் போடுவது ஏ.இ. அதை வைத்துத்தான் பில். அஞ்சு சென்டிமீட்டர் என்று எழுதி நாலு இருந்தால், பத்து வருஷம் கழித்து விசாரணை வந்தாலும் முதலில் கூப்பிடுவது அந்தக் கையெழுத்தைத்தான். மேலே யார் சொல்லி எழுதினாய் என்பது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. "அளக்காம எழுதுனு சொல்ற நாள் வரும். அன்னைக்கு என்ன பண்ணுவனு இப்பவே யோசிச்சுக்கச் சொல்லு."

சத்யேந்திர துபே ஞாபகம் வந்தது. ஐ.ஐ.டி. கான்பூரில் சிவில் படித்து, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் தங்க நாற்கரச் சாலை வேலையில் இருந்தவர். அங்கே நடந்த முறைகேட்டைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொன்றார்கள். முப்பது வயசு. எங்க வேலையில் தப்பான கோடு போட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு போன் வரும், ரோல்பேக் பண்ணிவிட்டுத் தூங்கலாம். தம்பியிடம் துபே பற்றிச் சொன்னேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கொஞ்ச தூரம் ஒன்றும் பேசாமல் வந்தான்.

கோமுகி அணை வந்ததும் அவனே ஆரம்பித்தான். இன்னும் இரண்டு அறிவிப்பு, 27 வயசு, எது முதலில் வருதோ அது வரைக்கும். நடுவில் சும்மா உட்காராமல் ஏதாவது கன்சல்டன்சியில் சைட் வேலை. ரோலர் பக்கத்தில் நின்ற அனுபவமாவது மிஞ்சும். கேட், எஸ்.எஸ்.சி. ஜே.இ. இரண்டுக்கும் சேர்த்துப் படிப்பான், சிலபஸ் பாதிக்கு மேல் ஒன்றுதான். தேதி போட்டு ஒரு பேப்பரில் எழுதி என் கையில் கொடுக்கச் சொன்னேன். எழுதிக் கொடுத்தான். ஜாவா கோர்ஸ் பேச்சை நான் எடுக்கவே இல்லை. சித்தி இப்போ என்னோடு சரியாகப் பேசுவதில்லை, அது தனிக்கதை.

பி.கு. 1: அந்தப் பையனுக்குத் தம்பி தன்னுடைய பழைய டிப்ளமோ லெவல் கைடையும் முந்தின வருஷக் கேள்வித்தாள்களையும் வெள்ளிமலை பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். கண்டக்டர் காசு வாங்கவில்லையாம்.

பி.கு. 2: டி.என்.பி.எஸ்.சி. வருஷா வருஷம் ஆண்டுத் திட்டம் வெளியிடும், தேர்வுப் பெயரும் அமைப்பும் அடிக்கடி மாறுகிறது. அறிவிப்பை முழுசாகப் படிச்சுட்டு விண்ணப்பம் போடுங்க. "ஹைவேஸ்ல ஏ.இ. போஸ்ட், இவ்வளவு லட்சம்" என்று எவனாவது வந்தால் டீ மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்பிடுங்க.